வேலை சொல்வது யார்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் செயல் அலுவலராகப் பொறுப்பேற்று நான்கு மாதமாகிறது. இதுதான் எனக்கு முதல் ஊர். நிரந்தரப் பணியாளர்களும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். கவுன்சிலர்கள் ஆட்களை நேராகக் கூப்பிட்டு வேலை சொல்கிறார்கள். என்னைவிட இருபது வயது மூத்த உதவியாளர் எதைச் சொன்னாலும், ‘இங்க அதெல்லாம் சரிப்படாது சார்’ என்கிறார். எல்லோரையும் ஒருநாள் குழுப் பயிற்சிக்கு அனுப்பினால் சரியாகுமா?

பதில்: அனுப்புங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. நல்ல சாப்பாடு போடுவார்கள், குரூப் போட்டோ எடுப்பார்கள். மறுநாள் விடிந்ததும் அதே கவுன்சிலர் அதே ஆளுக்குப் போன் அடிப்பார்.

நீங்கள் எழுதியிருப்பது மூன்று பிரச்சினைபோலத் தெரிகிறது. பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. உங்கள் அலுவலகத்தில் யார் யாருக்கு வேலை சொல்லலாம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஒரு முகூர்த்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்றால் திறந்துவிடும். மறுநாள் காலை வாசலில் எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மேற்பார்வையாளர் ஐந்தரைக்கு நான்கு பேரைக் கடைத்தெருவுக்கு அனுப்புகிறார். ஆறேகாலுக்கு ஒரு கவுன்சிலர் அதில் இரண்டு பேரைக் கல்யாண வீட்டுக்கு இழுத்துக்கொள்கிறார். ஏழு மணிக்குச் சேர்மன் தெருவில் வாய்க்கால் அடைப்பு, இன்னொருவர் அங்கே போகிறார். ஒன்பது மணிக்குக் கடைத்தெரு நாறுகிறது என்று உங்களுக்குப் புகார் வருகிறது. நிரந்தரப் பணியாளர், ‘காண்ட்ராக்ட் ஆளுங்க வரவே இல்ல சார்’ என்கிறார். ஒப்பந்தப் பணியாளர் செல்போனை எடுத்து, வந்த அழைப்பைக் காட்டுகிறார். யார் பொய் சொல்கிறார்கள் என்று நீங்கள் விசாரிக்க ஆரம்பிக்கிறீர்கள். யாருமே பொய் சொல்லவில்லை.

அதனால் முதலில் வேலை சொல்லும் வாசலை ஒன்றாக்குங்கள். தூய்மைப் பணி என்றால் மேற்பார்வையாளர் மட்டும், தண்ணீர் என்றால் அதற்குப் பொறுப்பான ஒருவர் மட்டும். இந்தக் கட்டுப்பாடு உங்களுக்கும் உண்டு. போகிற வழியில் குப்பையைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, கண்ணில் பட்ட ஆளைக் கூப்பிட்டு ஏவாதீர்கள். மேற்பார்வையாளருக்குப் போன் போடுங்கள். அவரைத் தாண்டி நீங்களே வேலை சொன்னால் மற்றவர்களும் தாண்டத்தான் செய்வார்கள்.

கவுன்சிலர்களை ஒதுக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓட்டுப் போட்டவர்கள் காலையில் அவர்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். அலுவலகத்தில் சொன்னால் பதில் வருவதில்லை, அதனால் ஆளை நேராகக் கூப்பிடுகிறார்கள். இதை மன்றக் கூட்டத்தில் கிளப்பினால் மானப் பிரச்சினையாகிவிடும். சேர்மனைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். அப்புறம் ஒரு சாதாரண நோட்டுப் போடுங்கள்: வார்டு, என்ன வேலை, சொன்ன நேரம், யார் பொறுப்பு, முடிந்த நேரம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒவ்வொரு கவுன்சிலருக்கும் ‘முடிந்தது’ அல்லது ‘நாளைக்கு, இன்ன காரணத்தால்’ என்று பதில் போய்விட வேண்டும். நோட்டைவிட அந்த ஐந்து மணி பதில்தான் முக்கியம். அது தவறாமல் போனால் நேரடி அழைப்புகள் தானாகக் குறையும். பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் கவுன்சிலர்கள் இருந்தால், அவர்களுக்குத் தனிக் குழு போட்டுவிடுங்கள். பத்துப் பேர் பார்க்கத் திட்டு வாங்கியவர் அன்றைக்கு மனசு வைத்து வேலை பார்க்க மாட்டார்.

கல்யாண விஷயத்தில் சட்டமும் துணைக்கு இருக்கிறது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால், மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையையும் அங்கேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்தது. வீட்டுக் காவல்காரர்களிடமும் சமையல் மேஸ்திரிகளிடமும் முகூர்த்தத் தேதிகளைக் கேட்டு வாங்கிவிட்டால், முதல் நாளே ஆள் பிரிக்கலாம்.

இனி நிரந்தரம், ஒப்பந்தம் என்கிற சண்டை. இரண்டு பேரும் ஒரே தெருவைத்தான் கூட்டுகிறார்கள். ஒருவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் ஏறிவிடுகிறது. இன்னொருவர், ‘பில் பாஸ் ஆகலையாம்’ என்று மளிகைக் கடையில் கடன் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒற்றுமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு அந்த பில் யார் மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்று பாருங்கள். பல நேரம் அது உங்கள் அலுவலக மேஜையாகவே இருக்கும். மாதக்கூலி அடுத்த மாதம் 7 ஆம் தேதிக்குள் கையில் கிடைக்க வேண்டும். ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் வேலை வாங்கும் நிர்வாகம்தான் பொறுப்பு என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பி.எஃப். கட்டிய ரசீதை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். கையுறையும் காலணியும் இரு தரப்புக்கும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே நாளில் போகட்டும். எல்லோரையும் வாங்க, போங்க என்றே கூப்பிடுங்கள். வயதில் பெரியவர்களை அலுவலகத்தில் வா, போ என்று கூப்பிடுகிற பழக்கம் இருந்தால், நிறுத்தச் சொல்லி ஆணை போட வேண்டாம். நீங்கள் மாற்றிக் கூப்பிட்டாலே பக்கத்தில் நிற்கிறவருக்குக் கூச்சம் வந்துவிடும்.

செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கச் சொல்லி யார் போன் செய்தாலும், எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும், முடியாது என்று நீங்களே பதில் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் தலையில் கட்டாதீர்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி இறக்கியவர் மேல் வழக்கு வரும். தங்களுக்காக அலுவலர் மறுத்தார் என்ற சேதி அரை மணி நேரத்தில், குப்பை பிரிக்கிற வளம் மீட்பு பூங்கா வரைக்கும் போய்விடும். எந்தப் பயிற்சியும் அந்த நம்பிக்கையைத் தராது.

உதவியாளர் விஷயத்துக்கு வருகிறேன். ‘சரிப்படாது’ என்றால் விட்டுவிடாமல், ‘ஏண்ணே, முன்னாடி செஞ்சு பாத்தீங்களா?’ என்று கேளுங்கள். பாதி நேரம் உருப்படியான காரணம் வரும். அவரிடம் கம்ப்யூட்டரில் இல்லாத சரக்கு இருக்கிறது. நம் ஊரில் சொத்து வரி நிலுவை எங்கே நிற்கிறது? பெரும்பாலும் பங்காளிகள் பலருக்கும் சொந்தமான பொது வீடுகளில். வரிவிதிப்பு தாத்தா பேரில் இருக்கும். பங்காளிகள் சென்னை, கோவை, மலேசியா, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திக்கில். பில் கலெக்டர் பூட்டிய கதவையும் காவல்காரரையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். வசூல் குறைந்ததென்று திட்டும் அவருக்குத்தான். எந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள இந்த வருஷம் எந்தப் பங்காளியின் முறை, யாரிடம் பேசினால் பணம் வரும் என்பது பழைய உதவியாளருக்குத்தான் தெரியும். அவரையும் பில் கலெக்டரையும் கம்ப்யூட்டர் ஆபரேட்டரையும் உட்காரவைத்து வீடு வாரியாகத் தொடர்பு எண் பட்டியல் போடச் சொல்லுங்கள். பொறுப்பு உதவியாளரிடமே இருக்கட்டும். ஏப்ரல், அக்டோபருக்கு முன்பே பட்டியல் தயாராக இருந்தால், அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டுகிறவர்களுக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதையும் அவர் வாயாலேயே சொல்லிக் கேட்கலாம். மார்ச் மாத ஓட்டமும் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் ஓரிருவர் அசையாமல் இருப்பார்கள். முதல் தடவை தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். இரண்டாம் தடவை என்ன வேலை, எந்தத் தேதி, என்ன விடுபட்டது என்று மூன்று வரியில் மெமோ கொடுங்கள். எல்லோருக்கும் பொதுவாகச் சுற்றறிக்கை விட்டால், ஒழுங்காக வேலை பார்க்கிறவர்தான் அதைப் படித்து மனம் நோவார்.