வெயிலில் வாடிய சோளப்பயிரை மாட்டுக்குப் போடலாமா?

போடவே போடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் தூரின் என்ற பொருள் கூடிவிடும். மாடு மென்று விழுங்கியதும் அது வயிற்றில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய சயனைடு நஞ்சாக மாறும். அப்புறம் ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பின் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. மாடு மூச்சுத் திணறித் தள்ளாடும், வாயில் நுரை தள்ளும். அதிகம் தின்றிருந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும்.

கோடை மழைக்குப் பிறகு தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும் இதே அளவு ஆபத்து. பச்சையாய்த் தெரிகிறதே என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

சரி, எப்போது போடலாம்? நன்றாகப் பூத்த பிறகு அறுத்து, வெயிலில் காயவைத்துப் போடுங்கள். அறிகுறி தெரிந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சோடியம் தயோசல்பேட் ஊசியை உடனே போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. கால்நடை மருத்துவரை அழையுங்கள்; தமிழ்நாட்டில் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும் இருக்கிறது.