பெரிய நன்னீர் ஏரிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி எது? ஒரு புத்தகத்தில் சுப்பீரியர் என்கிறார்கள், இன்னொன்றில் பைக்கால். காஸ்பியன் என்றும் படித்திருக்கிறேன்.

முதலில் காஸ்பியனை ஒதுக்கிவிடலாம். அதன் உப்பு கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதனால் நன்னீர்க் கணக்கில் வராது. மற்ற இரண்டுமே சரிதான். பரப்பில் வட அமெரிக்காவின் சுப்பீரியர் முதலிடம், சுமார் 82,100 சதுர கி.மீ. கொள்ளளவில் சைபீரியாவின் பைக்கால், சுமார் 23,600 கன கி.மீ. பூமியின் மேற்பரப்பில் உறையாமல் இருக்கும் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரியில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் கொள்ளளவைத்தான் பார்க்கச் சொல்வேன், வரைபடம் கண்ணை ஏமாற்றிவிடும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியின் பரப்பில் ஏறக்குறைய பாதியே உள்ள தாங்கனிக்கா ஏரியில், விக்டோரியாவைப் போல ஏழு மடங்கு நீர் இருக்கிறது. விக்டோரியாவின் அதிகபட்ச ஆழம் சுமார் 80 மீட்டர், தாங்கனிக்காவின் ஆழம் 1,470 மீட்டர்.

கேள்வி: சில ஏரிகள் மட்டும் ஏன் இவ்வளவு ஆழம்?

பிறந்த விதம் வேறு. சுப்பீரியர், ஈரி உள்ளிட்ட வட அமெரிக்கப் பேரேரிகள் பனியுகத்தின் பனிப்பாறைகள் நிலத்தைச் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்கள். வயது பத்தாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள்தான். பைக்காலும் தாங்கனிக்காவும் நிலம் இரண்டாகப் பிளந்து விலகும் இடங்களில் உருவானவை. பைக்காலுக்கு வயது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகள். பொதுவாக ஏரிகள் வண்டல் சேர்ந்து தூர்ந்துபோகும். பைக்காலின் அடியிலும் பல கிலோமீட்டர் தடிமனுக்கு வண்டல் கிடக்கிறது, ஆனாலும் பிளவு இன்னும் விரிந்துகொண்டே இருப்பதால் 1,642 மீட்டர் ஆழம் மிஞ்சியிருக்கிறது. நன்னீரில் மட்டுமே வாழும் ஒரே சீல் (கடல்நாய்) இனமும் அங்கே உண்டு.

கேள்வி: ஆறுகள் உப்பைக் கொண்டுவந்துதானே கடல் உப்பானது? அப்படியானால் இந்த ஏரிகள் ஏன் உப்பாகவில்லை?

அருமையான கேள்வி. ஏரிக்கும் உப்பு வரத்தான் செய்கிறது, ஆனால் வெளியேறவும் வழி இருக்கிறது. பைக்காலுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் வந்து சேர்கின்றன. வெளியே போவது அங்காரா என்ற ஒரே ஆறு. அந்த ஒன்று போதும், வந்த உப்பு அதன் வழியாகப் போய்விடுகிறது. போக்கிடம் இல்லாத ஏரியில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, எனக்கு மிகவும் பிடித்தது: ஆப்பிரிக்காவின் சாட் ஏரி. அதிலிருந்து எந்த ஆறும் வெளியேறுவதில்லை, சுட்டெரிக்கும் வெயில் வேறு. ஆனாலும் பெரும்பாலும் நன்னீர்தான். ஏரிநீர் நிலத்தடிக்குக் கசிந்து, உப்பையும் தன்னோடு கொண்டுபோகிறது. ஆழம் மிகக் குறைவு என்பதால் மழை பொய்த்தால் சட்டென்று சுருங்கிவிடும். 1960களில் சுமார் 25,000 சதுர கி.மீ. இருந்த ஏரி, 1980களின் வறட்சியில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. பிறகு ஓரளவு மீண்டிருக்கிறது.

கேள்வி: பேரேரிகளில் இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது, வறண்ட பகுதிகளுக்குக் குழாய் போட்டு அனுப்பினால் என்ன?

இருப்பைப் பார்த்து வரும் ஆசை இது. வரவைப் பார்க்க வேண்டும். வட அமெரிக்கப் பேரேரிகளின் நீரில் ஆண்டுதோறும் மழையாலும் பனியாலும் புதுப்பிக்கப்படுவது ஏறத்தாழ 1 சதவீதம்தான். மற்றதெல்லாம் பனியுகம் விட்டுப்போன சொத்து. வட்டியைத் தாண்டி அசலில் கைவைத்தால் திரும்பி வராது. அதனால்தான் கரையோர எட்டு அமெரிக்க மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் 2008இல் சட்டமானது. சில விதிவிலக்குகள் தவிர, வடிநிலத்துக்கு, அதாவது ஏரிகளுக்கு நீர் வடிந்துவரும் பகுதிக்கு, வெளியே நீரைக் கொண்டுபோவதை அது தடுக்கிறது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஏரியில் கடல்போல ஓதம் (நீர்மட்டம் ஏறி இறங்குவது) உண்டா?

உண்டு, ஆனால் பேரேரிகளில் 5 செ.மீ.க்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. காற்றுதான் பெரிய வேலை செய்கிறது. ஈரி ஏரியில் பலத்த காற்று நீரை ஒரு முனைக்குத் தள்ளிக் குவிக்கும். அப்போது இரு முனைகளின் நீர்மட்டத்தில் சில மீட்டர் வித்தியாசம்கூட வந்துவிடும்.

கேள்வி: பெரிய ஏரியில் கழிவு கலந்தால் கரைந்துவிடாதா?

இந்த நம்பிக்கைதான் மிகவும் ஆபத்தானது. ஒரு சொட்டு நீர் ஏரியில் சராசரியாக எவ்வளவு காலம் தங்குகிறது என்று கணக்கிடுவார்கள். ஈரியில் இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்று அதிகம், சுப்பீரியரில் சுமார் 190 ஆண்டுகள். சுப்பீரியரில் இன்று கலக்கும் நச்சு நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அங்கேதான் இருக்கும்.

அப்படியென்றால் ஈரி தப்பித்ததா என்றால், அதுவும் இல்லை. அது ஆழம் குறைந்த, சீக்கிரம் சூடாகும் ஏரி. வயல்களிலிருந்து வரும் பாஸ்பரஸ் நீலப்பச்சைப் பாசியை மண்டவைக்கிறது. 2014 ஆகஸ்டில் அந்தப் பாசியின் நச்சு குடிநீரில் கலந்ததால், ஈரியின் கரையிலுள்ள அமெரிக்காவின் டொலிடோ நகரிலும் சுற்றுப்பகுதியிலும் ஏறக்குறைய 4 லட்சம் பேர் மூன்று நாட்கள் குழாய்நீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

கேள்வி: விக்டோரியா ஏரியில் மீன் இனங்கள் அழிந்தது உண்மையா?

உண்மை. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டுபோய், மீண்டும் நிரம்பிய ஏரி அது. அதற்குப் பிறகான குறுகிய காலத்தில் சிக்லிட் என்ற மீன்வகையில் நூற்றுக்கணக்கான இனங்கள் அங்கே தோன்றிவிட்டன. 1950களில் மீன்பிடித் தொழிலுக்காக நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980களில் அது பெருகியபோது சிக்லிட்டுகளில் ஏராளமானவை மறைந்தன. கழிவும் மண்ணரிப்பும் நீரைக் கலங்கடித்ததும் ஒரு காரணம், பெர்ச் மீது மட்டும் பழி போட முடியாது. அதே பெர்ச்சை நம்பி இன்று கரையோர மூன்று நாடுகளில் பல லட்சம் பேர் பிழைக்கிறார்கள். அதனால் அதை ஒழித்துவிடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. சாக்கடை நீரைச் சுத்திகரித்து விடுவதும், கரையோரத் தாவரங்களைக் காப்பதும் இப்போதே செய்யக்கூடியவை. அவை மிச்சமிருக்கும் சிக்லிட்டுகளுக்கும் பெர்ச்சுக்கும் சேர்த்தே பயன்படும்.