ஒத்தைத் தட்டு தனியா கிடைக்குமா? பாத்திரம் வாங்குவோர் கேள்வி-பதில்

தை முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டுத் தட்டு, டின்னர் செட் பற்றியவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ராணிப்பேட்டை. சீருக்கு எவர்சில்வர் எல்லாம் எடுத்து, பேரும் வெட்டியாகிவிட்டது. 'தினமும் சாப்பிட அழகான தட்டு வேணும், விருந்தாளி வந்தா வைக்க ஒரு நல்ல செட்டும் வேணும்' என்கிறாள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எப்படி வாங்குவது? (வாசகி, காட்பாடி)

பதில்: பணத்தில் பெரும் பங்கைத் தினசரித் தட்டுக்கு ஒதுக்குங்கள். நம் ஊரில் பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. விலை உயர்ந்த செட் ஷோகேஸுக்குப் போய்விடுகிறது, மூன்று வேளையும் கையில் எடுக்கிற தட்டு கிடைத்த விலைக்கு வாங்கியதாக இருக்கிறது.

தினசரித் தட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஆழம். நாம் குழம்பு, ரசம், மோர் என்று ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். டின்னர் செட்டில் வரும் பெரிய தட்டுகள் பல, கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுவதற்காகத் தட்டையாகச் செய்யப்பட்டவை. அதில் ரசம் ஊற்றினால் விளிம்புக்கு ஓடிவிடும், சோற்றைக் கையால் கூட்டி எடுக்க அணை இருக்காது. ஓரம் ஒரு விரல் உயரமாவது எழும்பியிருக்கிற தட்டாகப் பாருங்கள். குறுக்களவு பத்து முதல் பதினோரு அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் சிங்க்கிலும் பாத்திர ஸ்டாண்டிலும் இடிக்கும், ஓரம் தெறிக்கும்.

இரண்டாவது, என்ன பொருளில் செய்தது என்பது. எடை குறைவாக, மைக்ரோவேவில் வைக்கக்கூடியதாக வேண்டுமென்றால் ஓப்பல் கண்ணாடித் தட்டு வசதி. பார்க்கப் பீங்கான் மாதிரி இருந்தாலும் அது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடிதான். சின்னச் சின்ன இடிக்கு அசையாது. ஆனால் உடைந்தால் சில்லுச் சில்லாகச் சிதறும். அடுப்பு நெருப்பில் நேராக வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே கொதிக்கிற குழம்பை ஊற்றவும் கூடாது. கனமான பீங்கான் தட்டில் சூடு கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும், கையில் வாங்கும்போதே ஒரு நிறைவு இருக்கும். ஆனால் ஆறு தட்டு அடுக்கித் தூக்கினால் கை வலிக்கும். மகள் அடுக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

மூன்றாவதுதான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைப்பது. வேலூர் லாங் பஜாரில் எந்தப் பாத்திரக் கடைக்குப் போனாலும் விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "இந்த டிசைன்ல ஒத்தைத் தட்டு தனியா கிடைக்குமா?" ஆறு தட்டும் ஆறாகவே இருந்துவிடாது. ஒன்று உடையும். அன்றைக்கு அதே தட்டு ஒன்று வாங்க முடிந்தால் செட் செட்டாகவே நிற்கும், இல்லையென்றால் ஐந்து தட்டை வைத்துக்கொண்டு விருந்தாளிகளைக் கணக்குப் பார்த்து உட்கார வைக்க வேண்டிவரும். பூ டிசைன்களைக் கம்பெனிகள் அடிக்கடி மாற்றுகின்றன. பூவே இல்லாத வெள்ளை நெடுநாள் கிடைக்கும். வெள்ளையிலும் ஒன்று கவனியுங்கள். ஓப்பலின் வெள்ளையில் நீலம் கலந்த பால் நிறம் தெரியும், போன் சைனா என்ற மெல்லிய பீங்கானின் வெள்ளை தந்த நிறத்தை ஒட்டியிருக்கும். கடையின் டியூப்லைட்டில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பாருங்கள்.

பெட்டியில் '35 பீஸ்' என்று எழுதியிருப்பதை நம்பி எடுத்துவிடாதீர்கள். பரிமாறும் கிண்ணத்தின் மூடியும் ஒரு பீஸ்தான், கை அகலக் குட்டிக் கிண்ணமும் ஒரு பீஸ்தான். பெட்டியைத் திறக்கச் சொல்லி, முழுச் சாப்பாட்டுத் தட்டு எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள்.

கடையிலேயே செய்துபார்க்க வேண்டியவை சில உண்டு. தட்டை மேசையில் வைத்து எதிரெதிர் ஓரங்களில் விரலால் அழுத்துங்கள், ஆடக் கூடாது. ஆறையும் அடுக்கிப் பக்கவாட்டில் பாருங்கள், இடைவெளி சீராக இருக்க வேண்டும். பீங்கானை விரல் நுனியில் நிறுத்தி நகத்தால் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்கும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், வேறு எடுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மெருகு (மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு) ஏறாத வளையம் ஒன்று தெரியும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் அது குறைந்த சூட்டில் சுட்ட மண். மெருகில் ஓரிடம் போனாலும் குழம்பும் எண்ணெயும் உள்ளே இறங்கும்.

இனி விருந்தாளி செட். நம் வீடுகளில் மதிய விருந்து என்றால் வாழை இலைதான் போடுகிறோம். பீங்கான் அலமாரியை விட்டு வெளியே வருவது மாலை டிபனுக்கும் டீக்கும். அப்படியிருக்க ஆறு பெரிய தட்டும் சூப் கிண்ணமும் அடங்கிய முழு செட் எதற்கு? எட்டு அங்குல டிபன் தட்டு எட்டு, கப் அண்ட் சாஸர் எட்டு, பொங்கலோ கிச்சடியோ வைத்துப் பரிமாற மூடி போட்ட பெரிய கிண்ணம் இரண்டு, இவ்வளவும் உதிரியாக, நல்ல பீங்கானில் வாங்கிக் கொடுங்கள். மகள் அதை நிஜமாகவே எடுத்துப் புழங்குவாள். தங்கக் கோடு போட்டதை நான் சொல்ல மாட்டேன். மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும், நார் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கோடும் போய்விடும்.

கேள்வி: காந்தம் ஒட்டாததுதான் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் காந்தம் வைத்தே காட்டினார். நம்பலாமா? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: பாதிதான் நம்பலாம். உயர்வாகச் சொல்லப்படும் 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகத்திலும் ஒட்டாது. கடைத்தெருவில் மலிவாக வருவதில் பெரும்பகுதி 202 போன்ற 200 வரிசை ரகங்கள்தான். ஆகவே காந்தம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதோடு, நல்ல 304 தகட்டையே அழுத்தி வளைத்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும். இன்னொரு பக்கம், காந்தம் ஒட்டுகிற 430 ரகம் போலியும் இல்லை. இன்டக்‌ஷன் அடுப்புக்கு அடிப்பாகம் ஒட்டத்தான் வேண்டும்.

ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் 304 விலை கொடுக்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 14756 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள், எவர்சில்வர் பாத்திரத்துக்கான இந்தியத் தர எண் அது. முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். சாப்பிட்டுக் கழுவி வைக்கிற தட்டுக்கு 202 போதும். உப்பும் புளியும் நெடுநேரம் கிடக்கிற பாத்திரத்துக்குத்தான் 304 வேண்டும். ஊறுகாயை எந்த எவர்சில்வரிலும் வைக்காதீர்கள். உப்பு, புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பழைய பீங்கான் ஜாடிதான் அதற்குச் சரி.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கிரகப்பிரவேசத்துக்குப் போன் சைனா டீ செட் ஒன்று பரிசாக வந்திருக்கிறது. அதில் எலும்பு கலக்கிறார்கள் என்பது உண்மையா? (வாசகி, ஆற்காடு)

பதில்: உண்மைதான். மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பலை வெள்ளைக் களிமண்ணோடும் கல் பொடியோடும் கலந்து செய்வது அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜோசையா ஸ்போட் இதற்குக் கொடுத்த கலவை, சாம்பல் பாதி, மற்ற இரண்டும் கால் கால் பங்கு என்ற கணக்குக்கு வந்து நிலைத்தது. பிரிட்டிஷ் வரையறைப்படி, எலும்பிலிருந்து வந்த பாஸ்பேட் குறைந்தது 30 சதவீதமாவது இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். அந்தச் சாம்பல்தான் மெல்லிய கப்புக்கு உறுதியையும், வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிகிற அழகையும் தருகிறது.

சுட்ட சாம்பலில் மாமிசம் எதுவும் மிச்சமில்லை, உடம்புக்குக் கெடுதலும் இல்லை. ஆனால் இது ஆசாரம் சார்ந்த விஷயம். வீட்டில் பெரியவர்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அதுவே போதுமான காரணம். பரிசு கொடுத்தவரிடம் பில் வாங்கி மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை. முதலில் கப்பின் அடியைப் பாருங்கள். 'நியூ போன் சைனா' என்று இருந்தால் பெரும்பாலும் எலும்புச் சாம்பல் சேர்க்காத கலவைதான், கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 'போர்ஸலின்' என்று இருந்தால் அதில் எலும்பு கிடையாது.

கேள்வி: குழந்தைகளுக்கு மெலமைன் தட்டு கொடுக்கலாமா? (வாசகி, பாகாயம்)

பதில்: மெலமைன் ஒரு வகைப் பிளாஸ்டிக். பிஸ்கெட், பழம், ஆறின இட்லி வைக்கலாம். கொதிக்கிற சாம்பாரும் ரசமும் வேண்டாம், சூடும் புளிப்பும் சேர்ந்தால் அதிலுள்ள ரசாயனம் உணவில் இறங்க வாய்ப்பு கூடும். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. மஞ்சள் கறை ஏறி, கீறல் விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சின்ன எவர்சில்வர் தட்டைப்போல ஒன்று இல்லை.

கேள்வி: ஆன்லைனில் டின்னர் செட் வாங்கினேன். இரண்டு தட்டு உடைந்து வந்தது. 'கண்ணாடிப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை' என்கிறார்கள். உள்ளூர்க் கடைகளிலும் பில்லிலேயே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். நாம் என்ன செய்ய முடியும்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: நிறையச் செய்ய முடியும். உடைந்ததைத் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க யாருக்கும் உரிமை இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில் தர மறுப்பதும் அதே கணக்குதான். ஆன்லைன் விற்பனைக்கு 2020இல் வந்த விதிகளும், பழுதான பொருளையோ சொன்னதற்கு மாறான பொருளையோ விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. ஆனால் நல்ல பொருளை வாங்கிவிட்டு 'கலர் பிடிக்கலை' என்றால் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

பெட்டி, பேக்கிங், உடைந்த துண்டுகள் மூன்றையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். இரண்டு தட்டுக்காகவா என்று நினைக்காதீர்கள். பலபேர் அப்படி நினைத்து விட்டுவிடுவதால்தான் 'ரிட்டர்ன் இல்லை' என்று துணிந்து எழுதுகிறார்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. புதுப் பீங்கான் தட்டு மூன்றே மாதத்தில் மங்கிவிட்டது, சாம்பல் நிறக் கோடுகள் வேறு. தட்டு மட்டமா? (வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: தட்டைக் குறை சொல்ல முடியாது. மங்கலாகத் தெரிவது தண்ணீரிலுள்ள உப்பு காய்ந்து படிந்த படலம். வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தண்ணீரில் கலந்து தடவி, சில நிமிடம் விட்டுக் கழுவினால் போகும். தங்கக் கோடு உள்ள இடத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவியதும் தானாகக் காயட்டும் என்று கவிழ்த்து வைக்காமல் துணியால் துடைத்தால் படலம் மறுபடி படியாது. சாம்பல் நிறக் கோடுகளை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் அவை கீறல் இல்லை, எவர்சில்வர் கரண்டி உரசி விட்டுப்போன உலோகத் தடம். சமையல் சோடாவைக் குழைத்து மெல்லிய துணியால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். கம்பி நார் மட்டும் வேண்டாம்.

நகம் தடுக்கிற கீறலோ, மெருகுக்குள் வலை மாதிரி ஓடும் மெல்லிய வெடிப்போ இருந்தால் அந்தத் தட்டைச் சாப்பிட எடுக்காதீர்கள். பாட்டி காலத்துப் பழைய பீங்கானுக்கும், உள்பக்கம் தடவினால் வண்ணம் கைக்குத் தட்டுப்படுகிற தட்டுக்கும் இது இன்னும் பொருந்தும். சில வண்ணங்களிலும் பழைய மெருகிலும் ஈயமும் காட்மியமும் இருந்திருக்கின்றன, புளியும் எலுமிச்சையும் அவற்றைக் கரைத்தெடுக்கும். அப்படிப்பட்டதைச் சுவரில் மாட்டலாம், இல்லையென்றால் பூத்தொட்டிக்கு அடியில் வைக்கலாம்.