கோட்டைக்கு ‘அருகில்’ என்றால் எவ்வளவு தூரம்?

பள்ளிக்கூட விடுமுறை நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயணம் பற்றியவை. பழைய ஊர் ஒன்றில் இரண்டு நாள் நின்று வர வேண்டும், எங்கே போகலாம், போன இடத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கலியாணம் முடிந்து மூன்று மாதம். இருவரும் வேலைக்குப் போகிறோம். வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டு ஞாயிறு இரவு வீட்டில் நிற்க வேண்டும். காலிக் கோட்டையின் படங்களைப் பார்த்ததிலிருந்து ஆசை. போகலாமா? (கல்லடி)

காலி அழகான ஊர்தான் தங்கச்சி. போர்த்துக்கேயர் 1588இல் கட்டத் தொடங்கிய கோட்டை. ஒல்லாந்தர் 1640இல் பிடித்துப் பெரிதாக்கினார்கள். 1669 என்று பொறித்த பழைய வாசல் இன்றும் நிற்கிறது. மதிலில் ஏறி நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டுக் கூரைகள். 2004 கடல்கோளில் வெளியே காலி நகரம் சிதைந்தபோது உள்ளே இருந்த வீடுகளைக் காத்தது அந்த மதில்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கே 300 கிலோமீற்றருக்கு மேல். அதற்கு அப்பால் காலிக்கு இன்னும் 120 கிலோமீற்றர் அளவு. இரவு ரயிலில் போனாலும் காலியில் கால் வைக்கும்போது சனி மத்தியானம் நெருங்கிவிடும். ஞாயிறு விடிந்ததும் திரும்ப வேண்டும். கொடுத்த காசுக்கு ஊரில் நிற்கப்போவது ஒரு பின்னேரமும் ஓர் இரவும். இரண்டு இரவுப் பயணத்துக்கு ஒரு வழி நாலு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. காலிக்கு மூன்று இரவாவது ஒதுக்குங்கள். டிசம்பர் முடிந்து மார்ச்சுக்குள் போங்கள்.

இந்த முறை திருகோணமலை. கரையோர வீதியால் 130 கிலோமீற்றர் அளவுதான். முன்பெல்லாம் துறைக்குத் துறை இறங்கிப் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதற்குப் பிறகு மற்றப் பாலங்களும் திறந்து அந்தக் கரைச்சல் தீர்ந்தது. பிரட்ரிக் கோட்டை வாசலில் அவசரப்படாமல் நின்று பாருங்கள். கல்லில் இரட்டை மீனும் பழைய தமிழ் எழுத்தும் தெரியும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கற்களைத்தான் 1624இல் கோட்டைக்குப் போட்டார்கள். உள்ளே மான்கள் வீதியோரம் படுத்திருக்கும். அப்படியே மேலே நடந்தால் சுவாமி மலையும் கோயிலும். நடை சாத்தும் நேரத்தை மட்டும் முதல்நாளே கேட்டு வையுங்கள்.

ஜூலையில் காலிப் பக்கம் போய்க் கடலில் குளிக்க நினைக்கிறோம். எந்தக் கடற்கரை நல்லது? (அக்கரைப்பற்று)

போக வேண்டாம். அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், அந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும். அதே ஜூலையில் நம்முடைய பாசிக்குடாக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போக முகநூலில் ஒரு வீட்டைப் பார்த்து, 18,000 ரூபா முற்பணம் வங்கியில் போட்டேன். இப்போது அந்தப் பக்கமும் இல்லை, தொலைபேசியும் வேலை செய்யவில்லை. என் கவலையீனம்தான் என்று வீட்டில் பேச்சு. (ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

அக்கா, வீட்டில் சொல்வதைக் காதில் போடாதீர்கள். திட்டம் போட்டு ஏமாற்றியவன் செய்த குற்றத்துக்கு ஏமாந்தவரைக் குற்றம் சொல்லக் கூடாது. உங்கள் கடிதத்தை வாசித்த நாள் முழுக்க எனக்கு மனசு சரியில்லை. பிள்ளைகளைத் தேர் பார்க்கக் கூட்டிப்போகச் சேர்த்த காசு அது.

இன்றே செய்ய வேண்டியது: காசு போட்ட துண்டு, அந்தக் கணக்கு இலக்கம், அவர்கள் அனுப்பிய செய்திகளின் படம் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அப்புறம் பொலிஸ் நிலையம். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள். கணக்கு யாருடைய பெயரிலோ இருக்கத்தான் வேண்டும், அந்த நுனியைப் பிடித்துத்தான் ஆளைத் தேடலாம்.

மற்றவர்களுக்கு: திருவிழா 25 நாள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம் என்பது கள்ளனுக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒருவரையும் தெரியாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. தெரிந்த ஒருவரைச் சைக்கிளில் அனுப்பி, கேற்றடியில் நின்று வீட்டுக்காரரோடு கதைக்கச் சொல்லுங்கள். காசு அதற்குப் பிறகு.

‘காலிக் கோட்டைக்கு அருகில்’ என்று போட்டிருந்த விடுதியில் அறை எடுத்தோம். போய்ப் பார்த்தால் ஓட்டோ இல்லாமல் கோட்டைக்கு வர முடியாது. மூன்று நாளில் ஓட்டோவுக்கே அறை வாடகையில் பாதி போய்விட்டது. ஐந்து வாரம் ஆகிறது. ஏதாவது செய்ய முடியுமா? (ஆரையம்பதி)

செய்யலாம் தம்பி. வழியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ‘அருகில்’ என்ற இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, நானும் அதற்குக் காசு கொடுத்தவன்.

சில வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் அதே ஊருக்கு அதே சொல்லை நம்பிப் போனோம். விளம்பரத்தில் கோட்டை மதிலின் படம், கீழே ‘5 நிமிடம்’. நடந்தா, வாகனத்திலா என்று நான் கேட்கவில்லை. விடுதி ஐந்து கிலோமீற்றர் உள்ளே, தென்னந்தோட்டத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தது. நல்ல மனிதர்கள், நல்ல சாப்பாடு. ஆனால் பொழுது பட்டால் அந்த ஒழுங்கைக்கு ஓட்டோ வராது. மூன்று இரவில் ஒரே ஒரு பின்னேரம்தான் மதிலில் உட்கார்ந்து பொழுது படுவதைப் பார்த்தோம். மனைவிக்கு அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

பழைய ஊருக்குப் போகிறவர் காசு கொடுப்பது இரண்டு நேரத்துக்காக. ஒன்று விடியற்காலை, மற்றது சுற்றுலா பஸ்கள் திரும்பிய பிறகு வரும் பின்னேரம். பத்து மணிக்கு மேல் எந்தக் கோட்டையும் சந்தைதான். அடுத்த வருடம் மறுபடி போய்க் கோட்டைக்குள் சின்ன வீடொன்றில் காற்றாடி மட்டும் உள்ள அறை எடுத்தோம். காலை ஆறு மணிக்கு வாசலில் தண்ணீர் தெளித்துக் கூட்டும் சத்தம் கேட்டது. பாண் ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் மதிலோரம் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக எத்தனை தடவையும் போவேன். நீச்சல் குளமும் குளிரூட்டியும் உள்ள அறை ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் அந்தக் காலை உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே அறையின் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். வரைபடத்தை விரித்து, கதவைத் திறந்தால் காலை எங்கே வைப்பீர்கள் என்று பாருங்கள்.

விடுதிக்காரரிடம் இரண்டே கேள்வி: கோட்டை வாசலிலிருந்து எத்தனை மீற்றர்? நடந்தால் எத்தனை நிமிடம்? பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், எழுத்து சாட்சியாக நிற்கும்.

இனி உங்கள் விஷயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் அந்தச் சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஐந்து வாரம்தான் ஆகிறது, நேரம் இருக்கிறது. விளம்பரத்தின் படம், விடுதிப் பற்றுச்சீட்டு, இடத்தைக் காட்டும் வரைபடம் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ காசைத் திருப்பவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. விவரம் கேட்க 1977க்கு அழையுங்கள். முடிவு என்னவானாலும் எனக்கு எழுதுங்கள்.

அறை 10,000 ரூபா என்றார்கள். பில் 12,980 வந்தது. பட்டப்பகல் கொள்ளை! (சம்மாந்துறை)

நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலில் 10,000க்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறது, பார்த்தீர்களா? ஒன்று 10 வீதம் சேவைக் கட்டணம். மற்றது அதற்கும் மேல் 18 வீத வற் வரி. 10,000 முதலில் 11,000 ஆகி, பிறகு 12,980 ஆகும். கணக்குச் சரி. காலைச் சாப்பாடு சேருமா என்றும் நீங்கள் கேட்கவில்லை, அறையை எத்தனை மணிக்கு விட வேண்டும் என்றும் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறோம். பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கக் கூடாதா? ‘எல்லாம் சேர்த்துக் கையால் எவ்வளவு?’ என்று இனிமேல் கேளுங்கள்.

காலிக் கோட்டைக்குள் தொழுகைக்கும் ஹலால் சாப்பாட்டுக்கும் வசதி எப்படி? (காத்தான்குடி)

ஒரு கவலையும் வேண்டாம் நானா. கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் பள்ளிவாசல். தூரத்தில் பார்த்தால் தேவாலயம் மாதிரி இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள்.

மதிலில் ஒருவர் ஒல்லாந்தர் காலத்து நாணயம் என்று 2,500 ரூபாவுக்குத் தந்தார். உண்மையானதா? (செங்கலடி)

படத்தைப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடுகிறது, அது அச்சில் வார்த்த அடையாளம். பச்சைக் களிம்பும் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்கிறது. என் மேசை லாச்சியிலும் இப்படி ஒன்று கிடக்கிறது, 1,500 ரூபா கொடுத்தேன். விற்றவர் கையில் இதே போல ஒரு பை நிறைய இருந்ததைப் பார்த்த பிறகும் வாங்கினேன். உண்மையான தொல்பொருளை யாரும் மதிலில் வைத்து விற்பதில்லை.

காலியில் வாங்கிய கைத்தறிச் சாரம், ஊரில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறதாம். (கல்முனை)

மருதமுனை உங்கள் வீட்டிலிருந்து ஓட்டோ தூரம். முதலில் அங்கே தறியடிக்குப் போயிருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாளில் போய் வர பொலன்னறுவை சரிவருமா? (வாழைச்சேனை)

மிகச் சரி. உங்களுக்கு ரயிலும் இருக்கிறது. அடையாள அட்டையை மறக்காதீர்கள், உள்ளூர் ஆட்களுக்குச் சீட்டு மலிவு. காலையிலேயே உள்ளே போய்விடுங்கள். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் காசு கொடுக்குமுன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். செருப்பைக் கழற்றும் இடங்களில் கல் கொதிக்கும், பிள்ளைகளுக்கு மொத்தமான காலுறை எடுங்கள். கல் விகாரையில் 14 மீற்றர் நீளச் சயனப் புத்தரைக் கண்டதும் பிள்ளைகள் தாங்களாகவே வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு சோழர் முழுக்கக் கல்லால் கட்டிய இரண்டாம் சிவாலயம். இராசேந்திரனின் தாய் பெயரில் வானவன்மாதேவி ஈச்சரம் என்று அழைக்கப்பட்டது. சுவரில் தமிழ் எழுத்து இருக்கிறது, வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கிட்டக் கூட்டிப்போய் எழுத்தைத் தேடச் சொல்லுங்கள்.

லண்டனிலிருந்து மாமா குடும்பம் வருகிறது. ‘பழமையான அழகான ஊர்’ ஒன்றில் இரண்டு நாள் நிற்க ஆசையாம். எங்கே அனுப்பலாம்? (மட்டக்களப்பு)

உங்கள் வீட்டிலேயே நிறுத்துங்கள். பொலன்னறுவைக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் டொலர்க் கணக்கில் சீட்டு எடுக்க வேண்டும், மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் நடக்க அந்தச் செலவும் இல்லை. கோட்டை 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. இந்தத் தீவில் ஒல்லாந்தர் முதலில் பிடித்த கோட்டையும் இதுதான், 1638இல். நெடுங்காலம் கச்சேரி இருந்த இடம் என்பதால் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போன ஞாபகம் மட்டும் நமக்கு இருக்கிறது. இரண்டு பக்கம் வாவி தொடும் அந்த மதிலை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், காந்திப் பூங்காவும், மரியாள் பேராலயமும் நடக்கிற தூரத்தில்.

இரவுக்குக் கல்லடிப் பாலம், 1924இல் திறந்த பழையது. ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் நிறைநிலா வாய்த்தால் தோணியில் போங்கள். துடுப்பின் ஒரு முனை தண்ணீரில், மறுமுனையில் மாமாவின் காது. பாடும் மீனின் சத்தத்தை அவர் அப்படித்தான் கேட்க வேண்டும். தோணிக்காரரிடம் காசை ஏறுமுன் பேசிவிடுங்கள்.