கோங்க் கிராமம்: நிலமும் வரலாறும் – கேள்வி பதில்

தெற்கு பிரான்சின் அவெரோன் மாவட்டத்தில், பழைய ரூவெர்க் பகுதியைச் சேர்ந்த சிறு மலைக்கிராமம் கோங்க். அதைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் கீழே உள்ளன.

கேள்வி (புவியியல் மாணவி): சமநிலமே இல்லாத செங்குத்துச் சரிவில் ஓர் ஊர் எப்படி உருவாயிற்று?

ஊஷ் என்னும் சிற்றாறு ஆழமான பள்ளத்தாக்கு வழியே இறங்கித் தூர்தூ ஆற்றில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, வெயில் நன்கு படும் சரிவில் கோங்க் அமைந்திருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாதோன் என்ற துறவி இங்கே வந்து தங்கினார். அவர் நாடியது தனிமை. பயிருக்கு ஏற்ற நிலம் அவருக்குத் தேவைப்படவில்லை. அவரைச் சூழ்ந்து வளர்ந்த மடம் 819இல் பேரரசர் முதலாம் லூயியின் ஆதரவைப் பெற்று, பெனடிக்ட் சபை ஒழுங்கைப் பின்பற்றியது. குடிநீருக்கும் குறைவில்லை; மடத்தின் தேவாலயமான கோயிலின் வாசலருகே சுரக்கும் ஊற்றை 12ஆம் நூற்றாண்டின் யாத்திரை வழிகாட்டி நூலே புகழ்ந்திருக்கிறது.

கேள்வி: வீடுகளின் கூரைகள் ஏன் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாகத் தெரிகின்றன?

அவை ஷிஸ்ட் பாறையின் பலகைகள். அந்தப் பாறை ஏடு ஏடாகப் பிளக்கக்கூடியது என்பதால் கூரைக்கும் சுவருக்கும் அதையே பயன்படுத்தினார்கள். கோயிலுக்கு மட்டும் அருகிலுள்ள மேட்டுநிலத்திலிருந்து மஞ்சள் சுண்ணாம்புக்கல்லையும், பள்ளத்தாக்கிலிருந்து சிவப்பு மணற்கல்லையும் கொண்டுவந்தார்கள். இம்மூன்று கற்களையும் ஒரே சுவரில் காணலாம்.

கேள்வி: இந்த மடத்துத் துறவிகள் ஒரு புனிதையின் எலும்புகளைத் திருடி வந்தார்கள் என்பது உண்மையா?

மடத்தின் சொந்த மரபே அப்படித்தான் சொல்கிறது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் காரணத்தை அறியாமல் இந்நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. கோங்கின் இடநெருக்கடியைக் காட்டி, அக்கித்தானிய அரசர் பெப்பேன் 838இல் ஃபிஜாக் என்ற வசதியான இடத்தைத் துறவிகளுக்கு அளித்தார். பலர் அங்கே குடிபெயர்ந்தனர். சரிவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு, மக்களை ஈர்க்கும் ஒரு திருப்பண்டம் (புனிதரின் எலும்பு போன்ற வழிபாட்டுப் பொருள்) இல்லையேல் மடம் அழிந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. எனவே அரிவிஸ்குஸ் என்ற துறவி அஜென் நகருக்குச் சென்று, அங்கிருந்த சமூகத்தில் சேர்ந்து, பல ஆண்டுகள் நம்பிக்கையைச் சம்பாதித்து, கல்லறைக் காவல் தன் கைக்கு வந்த பிறகு, உரோமர் ஆட்சியில் மறைசாட்சியாக, அதாவது தன் மத நம்பிக்கைக்காக, இறந்த சிறுமி புனித ஃபுவாவின் எலும்புகளை எடுத்துக்கொண்டு 866ஆம் ஆண்டுவாக்கில் கோங்க் திரும்பினார் என்பது அம்மரபு. புனிதை தானே விரும்பி இடம் மாறினாள் என்றே அக்காலத்தவர் இத்தகைய செயல்களை விளக்கினார்கள். லெ ப்யுய் நகரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ வரை செல்லும் யாத்திரை வழியில் கோங்க் முக்கியத் தங்குமிடமானதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: கோயில் வாசல் சிற்பத்தில் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கப்பட்ட இறுதித் தீர்ப்புக் காட்சி அது. 124 உருவங்கள் உள்ளன. நடுவில் கிறிஸ்து, அவருடைய வலப்புறம் விண்ணகம், இடப்புறம் நரகம். கிறிஸ்துவுக்குக் கீழே மிக்கேல் அதிதூதர் தராசு பிடிக்க, எதிரே நிற்கும் பேய் தன் தட்டை விரலால் அழுத்தி ஏமாற்றப் பார்க்கிறது. நரகத்தில் கருமியின் கழுத்தில் பணப்பை தொங்குகிறது. வேட்டைக்காரனை முயல் நெருப்பில் வாட்டுகிறது. விண்ணகப் பக்கத்தில், மேகத்திலிருந்து நீளும் இறைவனின் கைக்கு முன்னே புனித ஃபுவா குப்புற விழுந்து வேண்டுகிறாள். அவளுக்குப் பின்னால் விடுதலை பெற்ற கைதிகளின் விலங்குகள் தொங்குகின்றன. எனக்கு மிகவும் பிடித்தவை வளைவின் விளிம்பில் உள்ள சிறு முகங்கள்: கல்நாடாவை விரல்களால் பற்றிக்கொண்டு, மூக்குவரை மட்டும் தலையை நீட்டிக் கீழே எட்டிப்பார்க்கின்றன. அவசரமாகப் பார்த்தால் இவை கண்ணில் படாமலே போய்விடும்.

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சியில் பொன்னும் வெள்ளியும் உருக்கப்பட்டபோது கோங்கின் புதையல் எப்படித் தப்பியது?

ஊர்மக்கள் காப்பாற்றினார்கள். கோங்கின் வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் செயல் இதுவே. மடம் கலைக்கப்பட்டு, அதன் ஆவணங்கள், கலங்கள், சிலைகள் அனைத்தையும் அரசு கோரியபோது, விவசாயிகளும் கைவினைஞர்களும் அவற்றைத் தங்கள் வீடுகளிலும் தோட்டங்களிலும் ஒளித்துவைத்து, ஆபத்து நீங்கியதும் திருப்பி ஒப்படைத்தார்கள். அவற்றில் தலையாயது புனித ஃபுவாவின் அமர்ந்த உருவச்சிலை: மரத்தின்மேல் பொற்தகடு வேய்ந்து, மணிகளும் பழங்கால முத்திரைக்கற்களும் பதித்தது, உயரம் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். அதன் தலை உரோமர் காலத்தின் இறுதியைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. வறிய குடும்பங்களுக்கு அந்தப் பொன்னின் ஒரு துண்டே பெருஞ்செல்வமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அவர்களின் நேர்மை விளங்கும்.

கேள்வி: கோயில் இன்று நல்ல நிலையில் இருப்பதற்கு யார் காரணம்?

1837இல் அரசின் நினைவுச்சின்ன ஆய்வாளராக வந்த எழுத்தாளர் ப்ரொஸ்பேர் மெரிமே, அதன் சிதைந்த நிலையைக் கண்டு எச்சரித்தார். பழுதுபார்ப்பு அதன் பிறகு தொடங்கியது. மடத்தின் உள்முற்றத்தைச் சூழ்ந்திருந்த தூண்வரிசையின் பெரும்பகுதி அதற்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: கோங்க் இப்போது தனி ஊராட்சியா?

இல்லை. 2016 ஜனவரி 1 முதல் கிரான்வாப்ர், நோயாக், சேன்-சிப்ரியான் ஆகிய அண்டை ஊர்களுடன் இணைந்து கோங்க்-ஆன்-ரூவெர்க் என்ற ஊராட்சியாகியுள்ளது. கோயிலும் தூர்தூ ஆற்றுப் பாலமும் 1998 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில், சாந்தியாகோ வழிகளின் பகுதியாக இடம்பெற்றுள்ளன.

கேள்வி (ஓவியர் ஒருவர்): பழைய கோயிலில் வண்ணமே இல்லாத நவீனச் சன்னல்கள் பொருந்துகின்றனவா?

பொருந்துகின்றன என்பதே என் உறுதியான கருத்து. அவற்றை வடிவமைத்த பியேர் சூலாழ், அருகிலுள்ள ரொதேஸ் நகரில் 1919இல் பிறந்தவர். சிறுவயதில் இக்கோயிலைப் பார்த்தபோதுதான் கலையே தன் வாழ்க்கை என்று முடிவுசெய்ததாகக் கூறியவர். 1994இல் நிறைவுற்ற 104 சன்னல்களுக்கும் அவர் வண்ணக்கண்ணாடியைத் தவிர்த்து, ஒளியை ஊடுருவவிட்டாலும் வெளிக்காட்சியைக் காட்டாத ஒரு கண்ணாடியைத் தனியாக உருவாக்கினார். அதனால் காலையில் நீலச்சாயலும் மாலையில் செம்மஞ்சள் சாயலும் வெளிச்சத்திலிருந்தே கிடைக்கின்றன. மஞ்சள், சிவப்புக் கற்களின் இயல்பான நிறமும் மறைவதில்லை.