மிச்சிகனில் பழைய கூபே தேடும் காட்பாடித் தம்பிக்கு

காட்பாடியிலிருந்து வந்து, டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் நோவையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, கையில் 9,000 டாலர் இருக்கிறது. தினமும் ஆபீஸ் போய்வர, பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கிற ரெண்டு கதவு கார், அதாவது கூபே, வேண்டும். பழையதானாலும் பரவாயில்லை, வழியில் நிற்காமல் ஓட வேண்டும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஹூண்டாய் ஜெனிசிஸ் கூபே, சயான் எஃப்ஆர்-எஸ் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்? அப்படியே வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, கிரெடிட் கார்டு எது வாங்குவது, நம்ம ஊர் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்றும் சொல்லுங்கள்.”

வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் உங்கள் ஆபீஸிலேயே வழி சொல்ல ஆள் இருப்பார்கள். கிரெடிட் கார்டைச் சம்பளம் போடும் வங்கியில் கேளுங்கள். நான் கார் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். அதில்தான் நம் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே சேமிப்பை எல்லாம் தொலைக்கிறார்கள்.

முதலில் ஒன்று. ரெண்டு கதவு கார் மேல் ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. “கேம்ரி எடு, நாளைக்குக் குடும்பம் வரும்” என்று சொல்ல இங்கே நிறையப் பேர் இருப்பார்கள். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் உங்கள் காரைப் பார்த்து முகத்தைச் சுளிப்பவர்களும் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் வந்த ஆறாம் மாதமே ஜெர்மன் காரை லீசுக்கு எடுத்து, மாதத் தவணை கட்ட முடியாமல் திணறியவர்கள். உங்கள் காசு, உங்கள் ஆசை. ஆனால் அந்தக் காரில் பனிக்காலத்தில் போக வேண்டியவரும் நீங்கள்தான்.

நீங்கள் சொன்ன மூன்றில் ஆர்எக்ஸ்-8ஐப் பட்டியலிலிருந்து இன்றே அடித்துவிடுங்கள். அழகான கார், ஓட்டவும் சுகமானது. ஆனால் அதில் இருப்பது 1.3 லிட்டர் ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, முக்கோண வடிவ ரோட்டார் சுழலும். அதன் முனைகளில் இருக்கும் சீல்கள் தேய்ந்தால் எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், போய்விடும், பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டும். கொஞ்சம் ஆயிலை எரித்துக்கொண்டே ஓடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள், அதனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் பார்க்க வேண்டும். குளிரில் ஸ்டார்ட் செய்து, காரை நாலடி தள்ளி நிறுத்தி உடனே அணைத்தால், உள்ளே பெட்ரோல் நிரம்பி அடுத்த முறை கிளம்பாமல் படுத்துவிடும். வீட்டில் இன்னொரு கார் இருப்பவர் வாரக் கடைசியில் ஓட்டிப் பார்க்க அது சரி. திங்கட்கிழமை காலை எட்டு மணி மீட்டிங்குக்கு அதை நம்ப முடியாது.

எஃப்ஆர்-எஸ் நல்ல கார். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்தது, 200 குதிரைத் திறன். 2013 மாடலாக இருந்தால் வால்வ் ஸ்பிரிங் ரீகால் (பழுதான பாகத்தைக் கம்பெனியே இலவசமாக மாற்றித் தருவது) முடிந்ததா, எங்கே செய்தார்கள் என்று தாளோடு கேளுங்கள். எஞ்சினை வெளியே இறக்கிச் செய்கிற வேலை அது. ஜெனிசிஸ் கூபேயிலும் குறிப்பாக 2.0 டர்போவைப் பல கைகள் நோண்டியிருக்கும். சைலன்சர் மாற்றியது, டர்போ அழுத்தத்தை ஏற்றியது, காரைத் தரையோடு இறக்கியது என்று எதைப் பார்த்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொன்று, சாவி போட்டுத் திருப்பிக் கிளப்பும் பல ஹூண்டாய், கியா கார்களில் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப விடாத பூட்டு, கிடையாது. அதனால் திருட்டு பெருகி, சில மாடல்களுக்குக் காப்பீடு கிடைப்பதே சிரமமாகிப் போனது.

எஃப்ஆர்-எஸ், ஜெனிசிஸ் கூபே இரண்டும் பின்சக்கரம் இழுக்கும் கார்கள். நான்கு சக்கரத்துக்கும் விண்டர் டயர் போட்டால் ஓட்டலாம், போடாமல் முடியாது. ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியிருக்கிறேன் என்ற தைரியத்தை இங்கே எடுத்து வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி ரோட்டில் கிடக்கும்போது அந்தப் பழக்கம் உதவாது.

எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. கூபே வாங்குவதானால், அதே எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு சாதாரணக் குடும்பக் காரிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், எந்தக் கடையிலும் பார்ட்ஸ் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் என் முதல் சிபாரிசு 2011க்கும் 2016க்கும் நடுவில் வந்த சயான் டிசி. சயான் என்ற பெயரையே டொயோட்டா 2016இல் மூடிவிட்டது, ஆனால் அந்த 2.5 லிட்டர் எஞ்சின் கேம்ரியில் ஓடியதுதான். முன்சக்கரம் இழுக்கும். பின்கதவு முழுசாகத் திறக்கும், அரிசி மூட்டை படுத்துக்கொள்ளும். அதற்கு முந்தின டிசியில், குறிப்பாக 2007 முதல் 2009 வரை வந்ததில், ஆயில் குடிக்கும் புகார் அதிகம், அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது ஹோண்டா சிவிக் கூபே. 2020 மாடலோடு அதை நிறுத்திவிட்டார்கள். 2012, 2013இல் பழைய மாதிரி 5 கியர் ஆட்டோமேடிக், 2014இலிருந்து சிவிடி, அதாவது தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேடிக். நான் 2012, 2013ஐத்தான் தேடுவேன். 2006 முதல் 2009இன் தொடக்கம் வரை வந்த 1.8 லிட்டரில் எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுக் கூலன்ட் கசிந்த கார்கள் உண்டு, ஹோண்டாவே அதற்கு வாரன்டியை நீட்டித்தது. அக்கார்ட் கூபே 2017 வரை வந்தது. நாலு சிலிண்டர் என்றால் எஞ்சின் வால்வுகளை இயக்குவது டைமிங் செயின், கவலை இல்லை. வி6 (ஆறு சிலிண்டர்) என்றால் அந்த இடத்தில் ரப்பர் டைமிங் பெல்ட், ஏறக்குறைய ஒரு லட்சம் மைலில் மாற்றியாக வேண்டும். மாற்றிய ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலையில் குறையுங்கள். நிசான் ஆல்டிமா கூபே விலை குறைவாகக் கண்ணில் படும். அதன் சிவிடி கியர்பாக்ஸை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரி, மாடல் கதை இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வேறு. வேலூர், ராணிப்பேட்டை, வாலாஜா என்று பாலாற்றங்கரையில் வளர்ந்த நமக்கு வெயில் என்ன செய்யும் என்று தெரியும். டேஷ்போர்டு வெடிக்கும், பெயின்ட் வெளுக்கும், ரப்பர் காய்ந்து போகும். அதனால் பழைய கார் பார்க்கப் போனால் மேலேதான் பார்ப்போம். டிங்கரிங் பார்த்ததா, பட்டி வைத்துப் பெயின்ட் அடித்ததா என்று தட்டிப் பார்ப்போம். இங்கே எமன் அடியில் இருக்கிறான். டெட்ராய்ட் நகரத்துக்குக் கீழே ஆயிரம் அடிக்கும் மேலான ஆழத்தில் உப்புச் சுரங்கமே ஓடுகிறது. பனி விழுந்தால் ரோடெல்லாம் உப்பு. அது காரின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, பிரேக் பைப், எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் சப்ஃபிரேம், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல், சக்கர வளைவு என்று எல்லாவற்றையும் அரிக்கிறது. மேலே கார் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் அடியில் குத்தினால் உள்ளே போகும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2001 ஜனவரியில் நான் வந்து இறங்கியபோது எங்கள் அப்பார்ட்மென்டில் நாலு பேர், ஒருவரிடமும் கார் இல்லை. நடைபாதையே இல்லாத ரோட்டோரமாகப் பனியில் நடந்து போய் பாலும் ரொட்டியும் வாங்கி வருவோம். வாலாஜாவில் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஊரையே சுற்றியவன், பக்கத்துக் கடைக்குப் போக ஒருவரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்போது எங்களோடு இருந்த ஆம்பூர் நண்பன் பழைய கார் விற்கும் ஒரு யார்டில் சிவப்பு செலிகா ஒன்றைப் பார்த்தான். கடனும் அவர்களே தந்தார்கள். வாரா வாரம் அங்கேயே கட்ட வேண்டும், வட்டி எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார் அந்த யார்டுக்காரர். காரின் அடியில் அப்போதுதான் அடித்த கறுப்புப் பூச்சு. “துரு வராமல் இருக்க” என்றார். அடுத்த குளிர்காலத்தில் ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் இடத்தில் பிரேக் பைப் வெடித்து, பெடல் தரைக்குப் போய்விட்டது. கைப்பிரேக்கை இழுத்துப் புல்வெளியில் ஏற்றி நிறுத்தினான். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். யார்டில் போய்க் கேட்டால், கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். அதில் ‘அஸ் ஈஸ்’ என்று இருந்தது. வாரன்டி எதுவும் இல்லை, இருக்கிறபடியே வாங்கினாய் என்று கணக்கு. டீலர் விற்கும் ஒவ்வொரு பழைய காரின் கண்ணாடியிலும், வாரன்டி உண்டா இல்லையா என்று சொல்லும் ‘பையர்ஸ் கைடு’ என்ற தாள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அதை வரி விடாமல் படியுங்கள், தம்பி. கார் நின்ற பிறகும் நண்பன் தவணை கட்டிக்கொண்டிருந்தான். அந்த யார்டுக்காரர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நான் வாங்கியது 1998 சிவிக் கூபே. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் விற்றார். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ரசீது எடுத்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பெயின்ட் மங்கல், ஆனால் காரை மேலே தூக்கிப் பார்த்த மெக்கானிக், “அடி சுத்தம், தாராளமாக எடு” என்றார். அது இரண்டு லட்சம் மைல் தாண்டி ஓடியது. கல்யாணமாகி என் மனைவி வந்து ஓட்டக் கற்றதும் அதில்தான். நடுரோட்டில் பனியில் வழுக்கினால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று காலியான பார்க்கிங்கில் நானே பழகி, அவளுக்கும் பழக்கினேன். இன்றைக்கு இங்கேயே பிறந்தவர்கள் வெளியே கிளம்பத் தயங்குகிற பனியிலும் அவள் தைரியமாக ஓட்டுவாள். எனக்கு அதில் பெருமைதான்.

அதனால் வாங்குவதற்கு முன்னால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் தூக்கிப் பாருங்கள். நூறு, இருநூறு டாலர் கேட்பார்கள், கொடுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தக் காரை அங்கேயே மறந்துவிடுங்கள். மிச்சிகனில் காருக்கு வருடாந்திரச் சோதனை எதுவும் கிடையாது. நம் ஊரிலாவது 15 வருடம் ஆனால் ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இங்கே அடி அழுகிய காரும் சட்டப்படி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

துருவுக்குப் பயந்து தெற்கு மாநிலத்துக் கார் தேடுகிறவர்களும் உண்டு. யோசனை சரிதான், ஆனால் அங்கே வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் இருக்கின்றன. 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தது, 2022இல் இயன் ஃப்ளோரிடாவை அடித்தது. மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து வேறு மாநிலத்தில் கைமாற்றுவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேறு படிந்த கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, உள்ளே பூஞ்சை வாசனை இருந்தாலும் விட்டுவிடுங்கள். டைட்டில், அதாவது கார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் பத்திரம், ‘கிளீன்’ என்று இருக்க வேண்டும். ‘சால்வேஜ்’ (பெருஞ்சேதம் என்று கழித்தது), ‘ரீபில்ட்’ (அதைச் சரிசெய்து திரும்ப ஓட விட்டது) என்றால் பாதி விலைக்கும் வேண்டாம், விற்கும்போது யாரும் வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்ணான வின் எண்ணை வைத்துத் திருட்டு, சால்வேஜ் விவரத்தைக் காப்பீட்டுக் குற்றங்களைக் கண்காணிக்கும் என்ஐசிபி (NICB) தளத்திலும், ரீகாலை மத்திய அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ (NHTSA) தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். பழைய ஹோண்டாக்களில் டகாடா கம்பெனி செய்த ஏர்பேக்கை மாற்றியாயிற்றா என்று கட்டாயம் பாருங்கள். அது வெடித்து இரும்புத் துண்டு பாய்ந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். மாற்ற ஒரு பைசா வாங்க மாட்டார்கள்.

நம்ம ஆள் விற்கிறார் என்பதற்காகச் சோதிக்காமல் வாங்காதீர்கள். விசா முடிந்து ஊருக்குக் கிளம்புகிறவர் வாட்ஸ்அப்பில் போடும் காரில் நல்லதும் இருக்கும், தள்ளிவிடப் பார்ப்பதும் இருக்கும். “அண்ணா, மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு எடுக்கிறேன்” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கோபித்துக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும்.

பணத்தில் 9,000ஐயும் காரில் போட்டுவிடாதீர்கள். 7,000க்குள் பாருங்கள். ஆறு சதவீத வரி, டயர், பிரேக், பாட்டரி என்று மிச்சம் கரைந்துவிடும். அதைவிடப் பெரிய செலவு காப்பீடு. மிச்சிகனில் பிரீமியம் நாட்டிலேயே அதிகமான மாநிலங்களோடு சேர்த்தி, உங்களுக்கு இங்கே ஓட்டிய வரலாறும் இல்லை. காரைப் பிடித்துப்போனதும் முன்பணம் கொடுக்காமல், அந்த வின் எண்ணைக் கொடுத்து இரண்டு மூன்று கம்பெனியில் விலை கேளுங்கள். எஃப்ஆர்-எஸ்ஸுக்கும் டிசிக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும். 2020 ஜூலையிலிருந்து கார் பாலிசியில் வரும் மருத்துவக் காப்பின் அளவை நாமே தேர்ந்தெடுக்கலாம். பிரீமியம் குறைகிறதென்று மிகக் குறைந்ததைப் பிடிக்காதீர்கள், இங்கே ஆஸ்பத்திரிச் செலவு அப்படி.

தனியாரிடம் வாங்கினால், விற்பவரையும் கூட்டிக்கொண்டு செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் (நம்ம ஊர் ஆர்.டி.ஓ. மாதிரி) ஆபீஸுக்கே போய் டைட்டிலை மாற்றுங்கள். டைட்டிலில் வங்கிக் கடன் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் பணம் தராதீர்கள். நம்பர் பிளேட்டை விற்பவர் கழற்றிக்கொண்டு போவார், பயப்பட வேண்டாம், இங்கே அது ஓனரோடு போகும்.

பனி விழத் தொடங்குவதற்குள் வாங்கிவிடுங்கள், பகல் வெளிச்சத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். டிசியோ சிவிக்கோ கண்ணில் பட்டால் விளம்பரத்தை எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன், கூடவே வருகிறேன். பழைய சட்டை ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள், படுத்து அடியில் பார்க்க வேண்டியிருக்கும்.