மெக்சிகோ நாட்டுப் பாடல்களை ராப்போடு கலக்கும் அக்விட் போன்றவர்கள் உண்மையான ஹிப்ஹாப் கலைஞர்களா, வெறும் வியாபாரமா?

யூடியூபில் ஒன்றிரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு, ‘என்ன இது, கல்யாண பேண்டு மாதிரி இருக்கே’ என்று தோன்றித்தான் கேட்டிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் ‘வெறும் வியாபாரம்’ என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

அக்விட் என்பது செர்ஜியோ கோமெஸ், ஃப்ரான்சிஸ்கோ கோமெஸ் என்ற உடன்பிறப்புகள். மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே லாஸ் ஏஞ்சலஸின் சவுத் சென்ட்ரலுக்கு வந்தவர்கள். தெருவில் கேங்ஸ்டா ராப் (ரவுடிக் கும்பல் வாழ்க்கையைப் பாடும் ராப்), மெக்சிகோக்காரர் வீடுகளில் பண்டா (பித்தளை ஊதுகருவிகள் முழங்கும் மெக்சிகோ பேண்டு இசை). 1992இல் அந்த நகரத்தில் முதலிடம் பிடித்த வானொலியே பண்டாவும் ரான்ச்சேரா என்ற மெக்சிகோ நாட்டுப்பாட்டும் போட்ட ஒரு ஸ்பானிஷ் நிலையம்தான். இவர்கள் முதலில் ஆங்கிலத்தில்தான் ராப் செய்தார்கள். 2003இல் ‘ப்ரொயெக்டோ அக்விட்’ ஆல்பத்தில் ஸ்பானிஷுக்குத் திரும்பி, பாஸ் என்ற அடித்தொனி உறும வேண்டிய இடத்தில் பண்டாவின் பெரிய ஊதுகருவியான டியூபாவை உறுமவிட்டார்கள்.

இவர்களுக்கு முன்பே லாஸ் ஏஞ்சலஸ் ராப்பர் கிட் ஃப்ராஸ்ட் இருந்தாரே என்று யாராவது வருவீர்கள். சரி. 1990இல் ‘லா ராசா’ பாட்டில் அவர் ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டு மொழியையும் கலந்தார். ஆனால் அதன் அடியில் ஓடுவது ‘விவா டிராடோ’ என்ற ஜாஸ் மெட்டு. அக்விட் கைவைத்தது அப்பாக்கள் கேட்ட பாட்டில்.

2004இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் அடுப்படியில் நின்றவர் மிச்சோவாகான்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் பண்டா கேசட் போட்டால் பதினேழு வயது மகன் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான். ஒரு நாள் ராத்திரி, அப்பாவை அழைத்துப்போக வந்தவன் பின்வாசலில் காரை நிறுத்திப் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான். டியூபா கேட்டதும் இவர் சோப்பு நுரை சொட்டும் கையோடு வெளியே போனார். கதவருகே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். “எங்க ஊர் பாட்டாச்சே, யாருப்பா இதுல பேசுறது?” என்று கேட்டார். பையன் பதில் சொல்லாமல் சத்தத்தை இன்னும் கூட்டினான். அதுவரை அந்த இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு கேட்டு நான் பார்த்ததில்லை.

  

நான் இசை விமர்சகன் இல்லை. வரிகளில் கெட்ட வார்த்தைகள் உண்டு, மறுக்கவில்லை. பெரிய நிறுவனம்தான் வெளியிட்டது, காசும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே, அப்பா வீட்டுப் பாட்டை வெட்கப்படாமல் காரில் வைக்கலாம் என்று அந்தப் பையனுக்குக் காட்டியது அவர்கள்தான். போனில் கேட்காதீர்கள், அதில் டியூபா சரியாகக் கேட்காது. நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள்.